கல்லல் பக்கம் 60 ஏக்கர் பண்ணைக்கு மேலாளராகக் கூப்பிடுகிறார்கள், போகலாமா?

கல்லல்காரன்:

வணக்கம். வயது 22. வேளாண்மையில் இரண்டு வருட டிப்ளமோ முடித்து எட்டு மாதம் ஆகிறது. அப்பாவுக்குக் கண்மாய்க்குக் கீழே ஒன்றரை ஏக்கர் நஞ்சை, மேட்டில் இரண்டு ஏக்கர் செம்மண் புஞ்சை. மழை பெய்த வருடம் நெல் வீட்டுக்கு வரும், பெய்யாத வருடம் வைக்கோல்கூட வராது. அதைப் பார்த்து வளர்ந்ததால்தான் இந்தப் படிப்புக்கே போனேன்.

பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் இருக்கிறார். சிவகங்கை மாவட்டத்தில் கல்லலில் இருந்து கொஞ்ச தூரத்தில் அவருக்கு 60 ஏக்கர் இருக்கிறது. தென்னை 15 ஏக்கர், நிலக்கடலையும் உளுந்தும் போடுகிற புஞ்சை 20 ஏக்கர், ஆயக்கட்டில் நெல் 8 ஏக்கர், மீதி தைலமரம். மூன்று போர் (ஆழ்துளைக் கிணறு). இதுவரை பார்த்துக்கொண்ட பெரியவருக்கு முடியவில்லை, அதனால் என்னை மேலாளராக வரச் சொல்கிறார். சம்பளம், தங்க வீடு, வண்டிக்குப் பெட்ரோல் எல்லாம் தருவதாகச் சொல்கிறார்.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "படிச்சிட்டு இன்னொருத்தர் காட்டுக்குக் காவலுக்குப் போறியா, நாளைக்கு யார் பொண்ணு கொடுப்பா" என்று அழுகிறார். உதவி வேளாண்மை அலுவலர் பரீட்சைக்குப் படி என்கிறார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்தப் பண்ணையை ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது.

எனக்குப் பயிரோடு இருக்கப் பிடிக்கும். ஆனால் 60 ஏக்கர் என்பது பயமாக இருக்கிறது. இதை ஒரு தொழிலாக எடுத்து முன்னேற முடியுமா, முதல் வருடம் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும், முதலாளியிடம் எதைக் கேட்க வேண்டும்? இந்த வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

செம்மண் மேலாள்:

தம்பி, 14 வருடமாக இதே வேலையில் இருக்கிறேன், இப்போது நம் மாவட்டத்துத் திருப்பத்தூர்ப் பக்கம். நீளமாக எழுதப் போகிறேன், பொறுமையாகப் படிக்கவும்.

காவல் வேலை இல்லை இது, அம்மாவிடம் முதலில் அதைச் சொல். காவலாளி இருக்கிறதைப் பாதுகாப்பார். நீ எந்த வயலில் எதை எப்போது விதைப்பது, எவ்வளவு செலவழிப்பது, எப்போது நிறுத்துவது என்று முடிவெடுக்கப் போகிறவன். அந்த முடிவு உன் கையில் உண்மையாகவே இருக்கிறதா என்பதுதான் முதலாளியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. எவ்வளவு தொகை வரை கேட்காமல் செலவு செய்யலாம் என்று ஓர் எல்லையைப் பேசி எழுதி வாங்கு. மோட்டார் எரிந்தால் அன்றைக்கே சரி செய்ய வேண்டும், சிங்கப்பூரில் அவர் தூங்கி எழும் வரை உளுந்து காத்திருக்காது.

பாடத்தில் பயிர் மேலாண்மை என்றால் உரம், பூச்சி, களை என்று வரும். நம் பக்கத்தில் அதற்கெல்லாம் முன்னால் தண்ணீர். சேருவதற்கு முன்பே மூன்று போரையும் தனித்தனியாக ஓட்டிப் பார், எது எத்தனை மணி நேரம் விடாமல் எடுக்கிறது, எது இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் வற்றிக் காற்று வாங்குகிறது என்று குறித்துக்கொள். சித்திரை வைகாசியில் இருக்கும் தண்ணீர்தான் அந்தப் பண்ணையின் உண்மையான அளவு. கார்த்திகையில் பார்த்துவிட்டு 60 ஏக்கருக்கும் திட்டம் போட்டால் கோடையில் தென்னை குரும்பை கொட்டும்போது அழ வேண்டியிருக்கும். சொட்டு நீருக்கு மானியம் இருக்கிறது, சிறு குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். உங்கள் முதலாளி இரண்டாவது வகை, அதுவும் பன்னிரண்டரை ஏக்கர் வரைக்கும்தான். அதைத் தென்னைக்கா புஞ்சைக்கா என்று யோசிப்பதே உன் முதல் பெரிய கணக்கு.

நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். முதல் பண்ணையில் சேர்ந்த வருடம், ஆடிப்பட்டத்துக்கு ஆறு ஏக்கர் நிலக்கடலை. விதை வாங்கின இடத்தில் "போன மாசம் உரிச்ச விதை, கண்ணை மூடிக்கிட்டுப் போடுங்க" என்றார்கள், மழையும் இறங்கிவிட்டது, அவசரத்தில் முளைப்பு பார்க்காமல் போட்டுவிட்டேன். பத்தாம் நாள் வயலில் நின்றால் வழுக்கைத் தலை மாதிரி இங்கொன்றும் அங்கொன்றுமாக முளைத்திருந்தது. விதை, உழவு, கூலி எல்லாம் மண்ணோடு போனது. கேட்கப் போனால் "உங்க மண்ணுல ஈரம் பத்தலை" என்று முடித்துவிட்டார்கள், என் கையில் காட்ட எதுவும் இல்லை. 100 விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்திருந்தால் ஒரு வாரத்தில் தெரிந்திருக்கும். 70க்குக் கீழே முளைத்தால் அந்த விதையைத் தொடாதே, யார் விதையாக இருந்தாலும் சரி. அதற்குப் பிறகு முளைப்பு பார்க்காமல் ஒரு கிலோகூட நான் விதைத்ததில்லை.

அன்றிலிருந்துதான் குறிப்பு எழுத ஆரம்பித்தேன். ஒவ்வொரு வயலுக்கும் ஒரு பெயர், ஒரு பக்கம். விதைத்த நாள், விதை எங்கே வாங்கியது, எத்தனை கிலோ, எத்தனை ஆள், மழை எவ்வளவு, ஜிப்சம் போட்ட நாள், பூச்சி எண்ணிக்கை. மழைமானி விலை பெரிதில்லை, ஒன்று வைத்துக்கொள். "உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பார்கள், எனக்கு அந்தப் பழமொழியில் உடன்பாடு இல்லை. கணக்குப் பார்த்ததால்தான் எங்கள் பண்ணையில் நஷ்டம் தந்த நாலு ஏக்கர் மேட்டு வயலை நிறுத்தி, அந்தத் தண்ணீரைக் கீழே திருப்பினோம்.

காலையில் ஆறு மணிக்கு வயலில் நட. வரப்பில் நின்று பார்த்தால் போதாது, உள்ளே இறங்கு. நெல்லில் குருத்து காய்ந்திருந்தால் இழுத்துப் பார், கையோடு வந்தால் தண்டுத் துளைப்பான் புழு. பத்து சதவீதம் குருத்து காயும் வரை மருந்து தேவையில்லை என்று நீயும் படித்திருப்பாய். படித்தது எளிது, பத்து இடத்தில் குனிந்து எண்ணுவதுதான் வேலை. எண்ணாமல் அடிக்கிற மருந்துக்குத்தான் பண்ணைப் பணம் அதிகம் போகிறது.

தென்னை 15 ஏக்கர் என்றாய். சுருள் வெள்ளை ஈ 2016ல் பொள்ளாச்சிப் பக்கம் வந்து பிறகு எல்லா இடமும் பரவியது தெரியும். எங்கள் தோப்பில் ஓலை எல்லாம் கரி பூசினது போல் கறுத்தபோது முதலாளி யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு உடனே மருந்து அடி என்றார். அடித்தால் அந்த ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அழிக்கும் என்கார்சியா என்ற சின்னக் குளவியும் செத்துவிடும், பிறகு ஈ இரண்டு மடங்காகும். மாட்டேன் என்றேன். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டினோம், ஓலையின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சினோம், குளவி இருக்கும் ஓலைத்துண்டைக் கொண்டுவந்து மற்ற மரங்களில் கட்டினோம். வாரம் ஒரு படம் எடுத்துத் தேதியோடு அவருக்கு அனுப்பினேன். அடங்கச் சில மாதங்கள் ஆனது, அந்த மாதங்களில் தூக்கம் சரியில்லை. ஆனால் அதற்குப் பிறகு பயிர் விஷயத்தில் அவர் என்னை மறித்ததே இல்லை.

சம்பளத் தொகை பண்ணைக்குப் பண்ணை மாறும். வீடும் பெட்ரோலும் போக, செலவு நீக்கி நிற்கும் லாபத்தில் ஒரு பங்கு கேள். முதல் வருடம் வேண்டாம், மண் பழகட்டும். இரண்டாம் வருடத்தில் இருந்து கேள்.

புதுவயல் தமிழ்:

நான் பெண், பி.எஸ்சி. வேளாண்மை முடித்து மூன்று வருடமாக ஒரு காய்கறிப் பண்ணையில் மேற்பார்வை செய்கிறேன். மேலாள் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வேலைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசி அக்காமார்கள்தான். நாற்று நடுவது, களை எடுப்பது, கடலை ஆய்வது எல்லாம் அவர்கள் கையில். நூறு நாள் வேலை இருக்கும் வாரத்தில் ஆள் கிடைக்காது, திருவிழா சாட்டிவிட்டால் கிடைக்காது, ஊரில் ஒரு துக்கம் என்றால் கிடைக்காது. இதில் ஒன்றுகூட அவர்கள் குற்றம் கிடையாது. முன்கூட்டியே கேட்டு நாள் வைத்துக்கொள்ள வேண்டியது நாம். கூலியைச் சொன்ன கிழமையில் சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள், நிழலில் குடிதண்ணீர் வையுங்கள், மறைவாக ஒரு கழிப்பறை கட்டித் தரச் சொல்லி முதலாளியிடம் கேளுங்கள். எங்கள் பண்ணைக்கு ஆள் தட்டாமல் இருப்பதற்குக் காரணம் அந்தக் கழிப்பறை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொன்று மருந்து அடிக்கிற அண்ணன்மார். சட்டை இல்லாமல், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, காற்றுக்கு எதிரே நின்று அடிப்பார்கள். மருந்து டப்பாவில் முக்கோணம் இருக்கும், சிவப்பு என்றால் கடும் நஞ்சு, அடுத்து மஞ்சள், நீலம், கடைசியில் பச்சை. கையுறையும் முகக்கவசமும் போடாதவரை டேங்கைத் தோளில் ஏற்ற விடாதீர்கள். சண்டை வரும், வரட்டும். முதல் மாதத்தில் என்னோடு பேசாமல் இருந்த ஒருவர் இப்போது அவராகவே கையுறை கேட்டு வாங்குகிறார். அடித்த பிறகு எத்தனை நாள் கழித்து அறுக்க வேண்டும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும், அதையும் குறிப்பில் எழுதுங்கள்.

விரிவாக்கப் பெரியவர்:

வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தம்பியின் அம்மா கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது, அதை ஒதுக்க வேண்டாம். பரீட்சையா பண்ணையா என்று ஒன்றை வெட்டிவிடத் தேவையில்லை. உதவி வேளாண்மை அலுவலர் பதவிக்கு உன் டிப்ளமோ போதும், அரசுப் பணியாளர் தேர்வாணையம் அறிவிப்பு வெளியிடும்போது எழுது. பண்ணையில் நின்றவன் அந்தத் தேர்வில் பின்தங்க மாட்டான், பாதிக் கேள்விகளைக் கண்ணால் பார்த்திருப்பான். வேளாண்மை அலுவலர், வங்கியில் வேளாண் கள அலுவலர் என்று மேலே போக வேண்டுமானால் நான்கு வருடப் பட்டப்படிப்பு வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்த தம்பி தங்கைகள் இதைப் படித்தால் அவர்களுக்கும் சொல்கிறேன், அதற்கு நீட் கிடையாது, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான். நம் செட்டிநாட்டிலேயே இப்போது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி இருக்கிறது, எங்கள் காலத்தில் கோயம்புத்தூருக்கும் மதுரைக்கும் பெட்டி தூக்கிக்கொண்டு போனோம்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. வேளாண் மருந்தகம், வேளாண் வணிக மையம் என்று மத்திய அரசு 2002 முதல் நடத்தும் திட்டம். வேளாண் பட்டதாரிகளோடு டிப்ளமோ படித்தவர்களும் சேரலாம். 45 நாள் பயிற்சி இலவசம், அதன் பிறகு வங்கிக் கடன், அதற்கு 36 சதவீதம் மானியம், பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் 44 சதவீதம். இரண்டு மூன்று வருடம் 60 ஏக்கரை ஒழுங்காகப் பார்த்துவிட்டு, பிறகு சுற்றுவட்டாரத்தில் ஊருக்கு வர முடியாத பத்து நிலக்காரர்களின் பயிரைக் கட்டணத்துக்குப் பார்த்துத் தரும் தொழிலை நீயே ஆரம்பிக்கலாம். இந்தப் பக்கம் வீடும் நிலமும் இங்கே, ஆள் மட்டும் வெளியூரில் என்று எத்தனை குடும்பங்கள், உனக்கே தெரியும்.

பயிர் விஷயத்தில் தனியாகத் திண்டாடாதே. குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, செட்டிநாட்டில் மானாவாரி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, உளுந்துக்கு ஆலங்குடிப் பக்கம் வம்பனில் தேசியப் பயறு ஆராய்ச்சி மையம். வம்பன் 8 ரகம் மஞ்சள் தேமல் நோயைத் தாங்கும், காய்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முற்றும், ஆள் தட்டுப்பாட்டில் அது பெரிய உதவி. நம் சரளைச் செம்மண்ணில் போடுகிற மணிச்சத்தில் பெரும்பகுதியை இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும், பயிருக்குப் போகாது. அதனால் மணிச்சத்து உரமான டி.ஏ.பி. மூட்டையைக் கூட்டிக்கொண்டே போகாமல் முதலில் மண்ணைப் பரிசோதி, தொழு உரத்தைக் கூட்டு. கடலைக்கு 40, 45ஆம் நாளில் மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் மறக்காதே, பருப்பில்லாத பொக்குக் காய் குறையும்.

அப்புறம் பயிர்க் காப்பீடு. சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான். அதற்கு அடங்கல், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற சான்று, வாங்க கிராம நிர்வாக அலுவலரிடம் கடைசி வாரத்தில் கூட்டம் நெரியும், முதல் வாரமே போ.

ஆச்சி, பள்ளத்தூர்:

நிலக்காரர் பக்கத்தில் இருந்து நான் பேசுகிறேன் தம்பி. எங்களுக்கு 25 ஏக்கர், நாங்கள் இருப்பது சென்னையில். இரண்டு பேர் வேலைக்கு வந்து போய்விட்டார்கள், மூன்றாவதாக வந்த பையன் ஆறு வருடமாக இருக்கிறான், அவன்தான் எங்கள் நிலத்தைக் காப்பாற்றினான்.

முதல் ஆள் நல்லவர்தான், ஆனால் கெட்ட செய்தி சொல்ல மாட்டார். மோட்டார் எரிந்து பத்து நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது, அதற்குள் நாற்று கருகிவிட்டது. அவர் பயந்து மறைத்தார், நாங்களும் அவர் பயப்படும்படி நடந்திருக்கிறோம் என்று இப்போது வருத்தமாக இருக்கிறது. இப்போது இருக்கும் பையன் வந்த முதல் மாதமே, "ஆச்சி, கிழக்கு வயல்ல நான் தப்புப் பண்ணிட்டேன், யூரியா அதிகமாயிடுச்சு, பயிர் சாஞ்சிருச்சு" என்று போன் செய்து சொன்னான். அன்றைக்கே இவனை விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

எங்கள் ஐயா பர்மாவில் இருந்தவர். கடையில் எடுபிடியான பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, பிறகு கடையை நடத்தும் மேலாளாக வந்தவர். பெட்டியடியில் இருக்கும்போது கடையைப் பெருக்கி, நடையாய் நடந்து, பெரியவர் எழுதுகிற பேரேட்டை ஓரமாக நின்று பார்த்துத்தான் கணக்குக் கற்றாராம். மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஊர் திரும்பும்போது ஐந்தொகையைச் சரிபார்த்து ஒப்படைத்தால்தான் மரியாதை. அந்தப் பழக்கத்தில் நான் பையனிடம் மாதம் ஒரு ஐந்தொகை கேட்பேன், நிலத்தில் என்ன நிற்கிறது, கிடங்கில் என்ன இருக்கிறது, யாருக்குப் பாக்கி, யாரிடம் வரவேண்டும் என்று ஒரே தாளில். உங்கள் சிங்கப்பூர்க்காரர் கேட்காவிட்டாலும் நீங்களாக அனுப்புங்கள்.

இதுவரை அந்தப் பண்ணையைப் பார்த்துக்கொண்ட பெரியவரை அனுப்பிவிட வேண்டாம். எந்த மடை எப்போது திறக்கும், வயல்களுக்குத் தண்ணீரைப் பங்கிட்டு விடும் நீர்பாய்ச்சியிடம் எப்படிப் பேச வேண்டும், எந்த வயலில் எந்த மூலை ஊறும் என்பதெல்லாம் அவர் தலையில் இருக்கிறது, எந்தத் தாளிலும் இல்லை. ஒரு வருடமாவது அவருக்குச் சம்பளம் கொடுத்துக் கூட வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இதைத்தான் நீங்கள் முதலாளியிடம் முதலில் கேட்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். பெண் கொடுப்பதைப் பற்றி அம்மா கவலைப்படுகிறார்களே, எங்கள் பையனுக்குப் போன தையில்தான் கல்யாணம், பெண் பள்ளி ஆசிரியை. அம்மாவிடம் சொல்லுங்கள்.

கல்லல்காரன்:

எல்லோருக்கும் நன்றி. ஆச்சி எழுதியதை அம்மாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை, ஆனால் "அந்தப் பெரியவரு யாரு, நம்ம கருப்பர் கோயில் பக்கத்து வீடா" என்று மட்டும் கேட்டார். விசாரிக்கத் தொடங்கிவிட்டார் என்றால் பாதி சம்மதம்.

சிங்கப்பூர் ஐயாவிடமும் பேசிவிட்டேன். பெரியவர் ஒரு வருடம் இருக்கட்டும் என்று உடனே ஒத்துக்கொண்டார், அவருக்கே அதுதான் ஆசையாம். செலவு எல்லையையும் எழுதித் தருகிறார். பரீட்சைக்கும் விண்ணப்பிப்பேன். சனிக்கிழமை போரை ஓட்டிப் பார்க்க அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன். மண்ணும் தண்ணீரும் அன்றைக்கே எடுக்கலாமா?

செம்மண் மேலாள்:

எடு தம்பி, அதற்குத்தான் சரியான நாள். ஆனால் 60 ஏக்கருக்கும் சேர்த்து ஒரே பையில் போட்டுவிடாதே. புஞ்சை தனி, நெல் வயல் தனி, தென்னை தனி, நிறமோ சரிவோ மாறினால் அதுவும் தனி. ஒரு வயலில் பத்துப் பன்னிரண்டு இடத்தில் வி வடிவத்தில் வெட்டி 15 சென்டிமீட்டர் ஆழம் வரைக்கும் ஒரே கனமாகச் சுரண்டி எடு, கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர் பங்கைத் தள்ளிக் கடைசியில் அரைக் கிலோ வை. வரப்போரம், எருக்குழி, மர நிழல் வேண்டாம். தென்னைக்கு ஒரு அடி, இரண்டு அடி, மூன்று அடி என்று ஆழம் ஆழமாக எடு. தண்ணீரை மோட்டார் போட்டவுடன் பிடிக்காதே, அரை மணி நேரம் ஓடட்டும், பாட்டிலை அதே தண்ணீரில் நாலு முறை அலசிவிட்டுப் பிடி. எந்தப் போர், எந்த வயல், என்ன தேதி என்று பையிலும் பாட்டிலிலும் அங்கேயே எழுது, வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று வைக்காதே. பெரியவரையும் கூட நடக்கச் சொல், அவர் வயலுக்கு என்ன பெயர் சொல்கிறாரோ அதையே உன் நோட்டில் எழுது, புதுப் பெயர் வைக்காதே.

சனிக்கிழமை சாயங்காலம் மூன்று போரும் எத்தனை மணி நேரம் தாங்கியது என்று இங்கே போடு, என்ன பயிர் எத்தனை ஏக்கர் என்று சேர்ந்து பார்ப்போம்.